சந்தைத் தாளில் அடிபட்ட வரி

என் அருமை மச்சான் மாசிலாமணிக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் வாசகசாலை இவ்வாண்டு நடத்திய கட்டுரைப் போட்டியின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. செயலாளர் மீரான் சாகிப் சில நாட்களுக்கு முன் கோட்டாற்றில் தம் துணிக்கடையில் வைத்து இதை என்னிடம் சொன்னார். நிறுத்தச் சொல்லிக் கேட்டவன் நான்தான். காரணத்தை அவரிடம் பாதிதான் சொன்னேன். மீதி உனக்குச் சொல்ல வேண்டியது.

மாசியில் உன்னை முட்டத்தில் அடக்கம் செய்தோம். இப்போது ஐப்பசி மழை. வாசகசாலையில் நீ உட்காரும் ஜன்னலோரம் ஒழுகுகிறது. உன் நாற்காலியை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் அதன்மேல் ஒரு வாளியை வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அது சொட்டுச் சொட்டாகக் குறுக்கே பேசுகிறது. நீ இருந்தபோதும் அப்படித்தானே?

இந்தக் கடிதத்தை முடிவு வெளிவந்த பிறகு வாசகசாலை மேசையில் வைக்கும்படி மீரானிடம் ஒட்டிக் கொடுக்கப்போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ முட்டத்துப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியர். நான் நாகர்கோவிலில் பத்திரிகை நிருபர். உன் அப்பாவும் என் அம்மையும் உடன்பிறந்தவர்கள். இந்தப் போட்டியைத் தொடங்கியவன் நீ. கட்டுரை அனுப்புகிறவர்கள் அதை எழுதுவதற்குமுன் தயார்செய்த தாளையும் பின்னால் சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தவனும் நீதான். அந்தத் தாளுக்கு நீ வைத்த பெயர் சந்தைத் தாள்.

அந்தப் பெயர் வந்த நாள் உனக்கு ஓர்மையிருக்கிறதா? நாம் மூவரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

“எழுதுகதுக்கு முன்னால எழுதுகதா? ஒரு வேலைக்கு ரெண்டு கூலியா, மச்சான்?” என்று கேட்டேன்.

“நீ கோட்டாறு சந்தைக்குப் போனா வாசல்ல கண்ட மொதல் கத்திரிக்காயை வாங்கிட்டு ஓடி வந்திருவியா?” என்றாய்.

“நான் வீட்டை விட்டு எறங்கும்பமே கத்திரிக்காதான்னு முடிவு பண்ணிட்டுத்தான் எறங்குவேன். எனக்கு எங்க நேரம்?”

மீரான் மேசையைத் தட்டிச் சிரித்தார். “பத்திரிகைக்காரன் வீட்டுல என்னிக்கும் கத்திரிக்கா கறிதான் ஓய்!”

நீ சிரிக்கவில்லை. “அதுதான் உனக்க கேடு, கேட்டியா. அன்னிக்குச் சந்தைக்கு நல்ல மாங்கா வந்திருந்தாலும் உனக்குத் தெரியப் போறதில்ல.”

பிறகு உன் முறையைச் சொன்னாய். தலைப்பு கிடைத்ததும் கட்டுரையைத் தொடங்காதே. ஒரு தாளை எடுத்து அந்தத் தலைப்பைக் கேட்டதும் மனதில் வருவதையெல்லாம் எழுது. வரிசை வேண்டாம், இலக்கணம் வேண்டாம், பாதி வாக்கியமும் ஆகும். தாள் நிறையும் வரை பேனாவை எடுக்காதே. எதையும் அடிக்காதே, அடித்த இடத்துக்குக் கண் திரும்பப் போகாது. நிறைந்ததும் எழுந்துபோய் வெள்ளம் குடித்துவிட்டு வா. வந்து அதை இன்னொருவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. கேட்கிறவர் “பொறவு?” என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. படிக்கும்போது உன் குரல் எங்கே தட்டுகிறதோ அங்கே வட்டம் போடு. ஒன்றுதான். உன் கட்டுரை அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. அதைச் சுற்றி யார், எங்கே, எப்போது, எப்படி என்று கேள். கடைசியாக, இதை யாரிடம் சொல்கிறேன் என்றும் கேள். அதற்கு ஒட்டாதது எவ்வளவு நல்லதானாலும் சந்தையிலேயே கிடக்கட்டும்.

இதை நான் உன் வாயால் பலமுறை கேட்டவன். ஒருமுறையும் செய்து பார்க்காதவன். தபாலுக்கு நேரமாகிவிட்டது என்பதே என் பதில். நீ அதற்கு மேல் என்னை வற்புறுத்தியதும் இல்லை.

இந்த ஆண்டு தலைப்பு ‘நான் சென்ற ஒரு பயணம்’. மீரான் கொடுத்தது. நடுவராக என்னை வைத்தார்கள். பெயர்களை மறைத்து, எண் மட்டும் போட்டு ஒரு கட்டு என் மேசைக்கு வந்தது.

படிக்கத் தொடங்கினேன். ஒருவர் திருவனந்தபுரம் போய்வந்திருக்கிறார். ஒருவர் கப்பலில் கொழும்புக்கு. ஒருவர் தம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்குப் போன பயணத்தை எழுதி, ‘திரளான ஜனங்கள் கூடியிருக்க, ஏற்பாடுகள் யாவும் செவ்வனே நடந்தேறின’ என்று முடித்திருந்தார்.

மீரான் அதை வாங்கிப் படித்தார். “பந்தல் எப்படி இருந்துதுன்னு இருக்கு. யாரு தலைமை தாங்கினான்னு இருக்கு. பொண்ணு எப்படி இருந்தாள்னு ஒரு வரி இல்லியே ஓய்!”

மற்றவற்றையும் புரட்டிவிட்டுச் சொன்னார்: “எல்லாம் உமக்க பிள்ளையளாட்டு இருக்கு. மூக்கைப் பாரும், அப்படியே உமக்க மூக்கு.”

அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை வருஷமாகச் செய்தி எழுதுகிறேன். நாஞ்சில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என் வாக்கியத்தில் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதை உனக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அந்தக் கட்டில் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு ‘பிரயாணத்தின் பிரயோசனங்கள்’. பிரயாணத்தால் அறிவு விருத்தியாகிறது, பற்பல ஜனங்களின் பழக்கவழக்கங்களை அறிகிறோம், சர்க்கார் அமைத்த சாலைகளின் அருமை விளங்குகிறது என்று ஒழுங்காக, தவறில்லாமல் போயிற்று. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதற்கு முதலிடம் போட்டேன். முடிவை எழுதி உறையில் வைத்த பிறகுதான், பின்னால் கட்டியிருந்த தாளைப் பார்த்தேன்.

கவனித்தாயா? முதலிடம் போட்ட பிறகு பார்த்தேன். மற்ற யாருடைய சந்தைத் தாளையும் பார்க்கவே இல்லை. உன் பெயரிலான போட்டியில் உன் விதிக்கு நான் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

அந்தத் தாளில் பிரயோசனம் எதுவும் இல்லை. முட்டம், கடல் இரைச்சல், வில்வண்டி, வைக்கோல், அவர் தலைக்கு அடியில் என் சேலை, மணவாளக்குறிச்சியில் ஒரு நாய் பின்னால் வந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார். இப்படிப் போயிற்று. எழுதியவர் யார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும்.

தாளில் ஓரிடம் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. அடித்த கோட்டுக்குக் கீழே வட்டம் தெரிந்தது. வட்டம் போட்ட பிறகு அடித்திருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ‘மண்டைக்காட்டில் வண்டி நின்றது. கூட்டம். நகரவில்லை. ஓர் அம்மா மண்டையப்பம் தந்தாள், தலைவேதனைக்கு. கொடுத்தேன். தின்றார். சிரித்தார்.’

உன்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மண்டைக்காடு வழியாக என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அது அங்கே பகவதி கோயில் திருவிழாவான மாசிக் கொடை நாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அடக்கத்தன்று உன் மனைவி ஞானப்பூ என்னிடம், “வழியில கொஞ்சம் தாமசமாச்சு, அண்ணே” என்று சொன்னாள். ஊரில் எவனைக் கண்டாலும் எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கிற நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

தாளைப் படித்த அன்றே கோட்டாற்றுக்குப் போய், எனக்கு வேண்டியவர் ஒருவர் எழுதியிருக்கிறார், என் முடிவு செல்லாது, நிறுத்துங்கள் என்றேன். மீரான் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கொட்டாரத்துக்குப் போனேன். ஞானப்பூ இப்போது அங்கே தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றது. அவள் சுளகில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நல்ல காரியம் செய்துவிட்டு வந்த நிமிர்வோடு விஷயத்தைச் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“பரிசை நிறுத்திட்டியளா? எனக்க வேலையை நிறுத்திட்டேன்னு சொல்லுங்க, அண்ணே.”

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை வேலை ஒன்று காலியாக இருக்கிறது. இந்தப் போட்டியில் முதலாவதாக வருவது பெண்ணாக இருந்தால் அவளையே எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகி சொல்லியிருக்கிறார். வேலையோடு தங்க ஓர் அறையும் உண்டு.

“இந்த வீட்டுல நான் எத்தன நாளுக்கு அரிசி பொறுக்கிட்டு இருக்கட்டும்? மைனி ஒண்ணும் சொல்லல்ல. சொல்லாம இருக்கதுதான் எனக்குக் கேக்குது.”

“இது எனக்குத் தெரியாதே, மக்கா.”

“எப்படித் தெரியும்? கேட்டாத்தானே தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? வரும்பமே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கிய.”

மச்சான், கத்திரிக்காய்.

பிறகு நான் கேட்டேன்: “அந்த வரியை ஏன் அடிச்சே? அவன் அடிக்கக் கூடாதுன்னுதானே சொல்லுவான்.”

“வேற யாரு சொன்னா? அவருதான் அடிக்கச் சொன்னாரு.” அவள் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது. “அப்பத்தைத் தின்னுட்டு, கண்ணை மூடிட்டே சொன்னாரு, ‘ஏட்டி, இதைச் சந்தைத் தாள்ல எழுதிப்போடாத, போதகர் ஐயா படிச்சா ரெண்டு பேருக்க பேரையும் சபையில வெட்டிருவாரு’ன்னு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. அதுதான் அவரு கடைசியாச் சிரிச்சது.”

அந்த அப்பம் பகவதிக்குப் படைத்தது. தலைநோவு உள்ளவர்களுக்காக நேர்ந்து செய்வது. அவித்த சூடு ஆறாமல் இலையில் இருந்ததாம். வண்டிக்குள் எட்டிப் பார்த்த யாத்திரைக்கார அம்மா ஒருத்தி, பெயரும் சபையும் கேட்காமல், “தலைக்கா தீனம்? இதைக் குடு பிள்ளே” என்று கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஞானப்பூ போதகர் வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் கொடைக் காலத்தில் அந்தப் பாதையில் நடக்கவே விடமாட்டார்களாம். வாங்கிய கையை மடக்கக்கூட முடியவில்லை என்றாள்.

“அதனாலதான் அடிச்சியா? சபைக்குப் பயந்தா?”

“அது பாதி.”

“மற்றப் பாதி?”

அவள் உள்ளே போய் ஒரு பழைய பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்தாள். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. என் செய்தி. மண்டைக்காட்டிலிருந்து நான் அனுப்பிய கொடைச் செய்தி. அவள் விரல் வைத்த இடத்தைப் படித்தேன். ‘யாத்திரிகர்கள் பெருந்திரளாக வந்திருந்தும் போக்குவரத்துக்கு யாதோர் இடையூறும் நேரவில்லை.’

“நீங்க அங்கதான் இருந்திருக்கிய. படிச்சப்பம்தான் அறிஞ்சேன்” என்றாள். “அச்சுல இடையூறு இல்லேன்னு இருக்கு. நான் எப்படி வண்டி நின்னுதுன்னு எழுதட்டும்? நடுவரே நீங்க. ஒருவேள எனக்குத்தான் அந்த நேரம் அப்படித் தோணிச்சோன்னுகூட நெனச்சேன்.”

மச்சான், அந்த வாக்கியத்தை நான் மண்டைக்காட்டில் எழுதவில்லை. முந்தின நாள் நாகர்கோவிலில் என் வீட்டில் எழுதினேன். நிருபர்கள் எல்லோரும் செய்வதுதான். கடற்கரை ஊர்த் தபால் சீக்கிரம் போய்விடும். எனவே ஆண்டுதோறும் மாறாதவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, வந்த பிரமுகர்களின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். அங்கே போய் அந்த இடத்தை நிரப்புவோம். இடையூறு இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு இல்லை. அதனால் இந்த ஆண்டும் இல்லை. அவ்வளவுதான்.

தன் கண்ணால் கண்டதை ஒரு பெண் நம்பாமல் போக என் வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. அதைத்தான் நான் என் நடையின் செல்வாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரை நான் பிறகு பார்த்துக் கேட்டேன். காய்ச்சல் முன்பே மூளைக்கு ஏறிவிட்டது, வழியில் நின்ற நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நான் ஞானப்பூவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கேட்க இருக்கவில்லை. உள்ளே போய் எழுதாத தாள் ஒன்றும் பென்சிலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“அன்னிக்கு நீங்க அங்க கண்டதை எழுதுங்க.”

“இப்பமா?”

“தபாலுக்கு நேரமாச்சோ?”

உன் குரலே கேட்டதுபோல் இருந்தது. எழுதினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. செவ்வனே, யாவும், பெருந்திரள் என்ற சொற்கள்தான் முன்னால் வந்து நின்றன. அவற்றையும் எழுதினேன். அடிக்கக் கூடாதல்லவா? அவை தீர்ந்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. தாள் நிறைந்ததும், “வெள்ளம் குடிச்சிட்டு வாங்க” என்றாள். குடித்துவிட்டு வந்து படித்தேன். அவள் மறுபடி சுளகை எடுத்துக்கொண்டாள்.

“அதிகாரியின் நாற்காலி. எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.”

“பொறவு?”

“இளநீர். வெட்டிய இளநீர் என் சட்டையில் சிந்தியது. மணல் சுட்டது. வளையல் கடை. கருப்பட்டி வாசனை. பொங்கல் பானைகளோடு பெண்கள்.”

“பொறவு?”

“அதிகாரி தம் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். தபால்காரன் வந்துவிட்டானா என்று பார்த்தேன். தெற்கே ஒரு வில்வண்டி. காளையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியை மறைப்பாகக் கட்டி...”

குரல் நின்றுவிட்டது. அவள் “பொறவு” என்று சொல்லவில்லை. கையில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“காளை என்ன நெறம்?”

“ஒண்ணு வெள்ளை. மத்தது ஓர்மையில்ல.”

“நம்ம காளை ரெண்டும் மயிலை, சாம்பல் நெறம்” என்றாள். “நான் மறைப்பும் கட்டல்ல. அவருக்குக் காத்து வேணும்னாரு. அது நம்ம வண்டி இல்ல, அண்ணே. அன்னிக்கு அங்க ஒண்ணு ரெண்டில்ல, ஒரு பாடு வண்டி நின்னுது.”

நீ இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. நாணம் கெட்டவன் என்று நீ திட்டினாலும் சரி, நடந்தது இதுதான். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“அப்பம் அந்த வண்டிக்குள்ள யாரு?” என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. வேடிக்கையான ஒரு கேள்வியைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அதை நான் எப்படி அறிவேன்? அங்க நாற்காலி போட்டு இருந்தது நீங்க.”

அதற்குப் பிறகு நான் நெடுநேரம் இருக்கவில்லை. கடுங்காப்பி கொடுத்தாள், குடித்தேன். கிளம்பும்போது இரண்டு விஷயங்களை அவளிடம் கேட்டேன். முடிவெடுத்துக்கொண்டு போகாமல் கேட்ட கேள்விகள் இவை மட்டுமே.

முதலாவது, பரிசு. பிரயோசனக் கட்டுரைக்கு நான் போட்ட மதிப்பெண்ணைக் கமிட்டியார் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அல்லது வேறு நடுவரை வைக்கலாம். வேறு நடுவர் என்றால், எல்லோரும் விரும்பினால் தங்கள் சந்தைத் தாளிலிருந்து மறுபடி எழுதலாம் என்றும் கேட்டுப் பார்ப்பேன். அவளுக்கு எது வேண்டும்?

“ஆலோசிக்கணும்” என்றாள். “வேலை வேணும். அதுல மாற்றமில்ல. ஆனா அந்தச் சவத்துப் பிரயோசனத்தைப் படிச்சா எனக்கே கொட்டாவி வருது.” வெள்ளிக்கிழமை கோட்டாறு வரும் வண்டியில் ஒரு கட்டுரையைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். பழையதா புதியதா என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, இந்தக் கடிதம். அப்பத்தின் சங்கதியை எழுதலாமா என்று கேட்டேன். எழுதினால் சபைக்குத் தெரியும்.

அதற்கு உடனே பதில் வந்தது. “தின்னவரு போயிட்டாரு. குடுத்தவ நான் இருக்கேன். போதகர் ஐயா கேக்கட்டும். அந்த அம்மாவுக்க பேரைத்தான் நான் கேக்காம விட்டுட்டேன், அதுதான் எனக்குச் சங்கடம். எழுதுங்க, ஆனா சரியா எழுதுங்க. இலையில இருந்துது. சூடா இருந்துது. பாதிதான் தின்னாரு. மற்றப் பாதியை நான் தின்னேன்.”

அந்தக் கடைசி வரி அவள் தாளில்கூட இல்லை, மச்சான்.

வீட்டுக்கு வந்து என் பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தேன். வெள்ளம் வந்த செய்தி, சந்தை ஏலம், பள்ளிக்கூடத் திறப்பு. முன்கூட்டியே எழுதிய வாக்கியங்களை என்னால் தனியே பிரித்துச் சொல்ல முடிகிறது. அவற்றில்தான் பிழையே இல்லை. அவற்றுக்குப் பின்னால் எந்தெந்த வண்டிகள் நின்றன என்பதை இனி எப்படித் தெரிந்துகொள்வது? அந்தச் செய்திகளைப் படித்தவர்கள் வீட்டிலும் அச்சு சொல்வதுதான் சரி என்று தங்கள் தாளில் அடித்துக்கொண்டவர்கள் இருப்பார்களா?

நீ என்னைத் திட்டியிருக்கலாம். இத்தனை சனிக்கிழமைகளில் ஒருநாளாவது, உன் செய்தியில் ஆளே இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். மாங்காய் என்று சொல்லி விட்டுவிட்டாய். நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இனி, முடியாமல் இருப்பவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

கமிட்டி வரும் சனிக்கிழமை கூடுகிறது. பழைய மதிப்பெண்ணா, புதிய நடுவரா என்பது அன்று தெரியும். நான் நடுவர் பொறுப்பை எழுத்தில் விட்டுவிட்டேன். ஞானப்பூவின் கட்டுரை வெள்ளிக்கிழமை வரும்; அதை மீரான்தான் பிரிப்பார். வேலையைப் பற்றிப் பள்ளி நிர்வாகியின் பதில், போட்டி முடிவு தெரிந்த பிறகே. என் மாசிக் கொடைச் செய்திக்கு ஒரு திருத்தம் எழுதி ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். ‘அன்று வண்டிகள் நின்றன. இடையூறு இல்லை என்று எழுதியது நிருபரின் தவறு.’ இத்தனை மாதம் கழித்து இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று அவர் கேட்கக்கூடும். திங்கட்கிழமைத் தபாலில் தெரியும்.

வெள்ளைக் காளை பூட்டிய வண்டிக்குள் இருந்தது யார் என்பது தெரியவில்லை. அது எப்போது தெரியும் என்பதற்கும் என்னிடம் தகவல் இல்லை.

ஆனால் மாசி வரும். இந்த முறை ஒரு வாக்கியமும் எழுதிக்கொள்ளாமல் மண்டைக்காட்டுக்குப் போவேன். நாற்காலி போட்டால் உட்கார மாட்டேன். வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்து போய், ஒவ்வொன்றிலும் யார் என்று கேட்பேன். அப்பம் கொடுத்த அம்மாவையும் விசாரிப்பேன். அன்று தபால் தவறினால் தவறட்டும். கையில் வெறும் தாளோடுதான் போகிறேன், மச்சான். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அத்தை மகன்,
இன்னும் சந்தை வாசலிலேயே நிற்கும்
யேசுவடியான்